கடல் தெரியும் ஜன்னல், இறக்கிவிட்ட திரை

போர்ட் லூயியில் நான் சில வருடங்களுக்கு முன் ஏசி வேலை பார்த்துக் கொடுத்த அலுவலகக் கட்டிடம் ஒன்றிலிருந்து போன வாரம் கூப்பிட்டார்கள். ஐந்தாவது மாடி. மேற்குப் பக்கம் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. துறைமுகம் முழுக்கத் தெரிய வேண்டும் என்றுதான் அதில் அவ்வளவு பணத்தைக் கொட்டினார்கள். நான் போனபோது பிற்பகல் மூன்று மணி. எல்லாத் திரையும் இறக்கியிருந்தது. திரை இறங்கியதால் இருட்டு, அதனால் பட்டப்பகலில் அத்தனை விளக்கும் எரிகிறது. கண்ணாடியோரம் இருப்பவர்களுக்கு வேர்க்கிறதென்று ஏசியை 19-ல் வைத்திருக்கிறார்கள். உள்பக்கம் உட்கார்ந்திருந்த பெண்கள் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். மொரீசியஸில், கோடை நடுவில், ஜனவரியில், ஸ்வெட்டர்! கடலை ஒருவரும் பார்க்கவில்லை.

"ஏசி பத்தவில்லை, இன்னும் பெரிதாக ஒன்று போட்டுத் தாருங்கள்" என்றார் மேலாளர்.

ஏசி ஒழுங்காகத்தான் ஓடுகிறது. அந்த வேலைக்கு என்னை அழைத்தபோதே கட்டிடத்தின் முகம் முடிவாகி, கண்ணாடிக்கு ஆர்டர் போய், தூண்கள் எழும்பத் தொடங்கியிருந்தன. வரப்போகும் சூட்டுக்கு எத்தனை டன் ஏசி வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தருவது மட்டுமே என் வேலை. தாலி கட்டிய பிறகு ஜாதகப் பொருத்தம் பார்க்கக் கூப்பிட்ட மாதிரி. மேற்குக் கண்ணாடியைக் குறைக்கலாமே என்று நான் கேட்டதும் உண்மை, "அது டிசைன், உங்கள் துறை இல்லை" என்று பதில் வந்ததும் உண்மை. நானும் அதற்கு மேல் மல்லுக்கட்டவில்லை. அந்தப் பங்கு என் தலையில்.

தமிழ்நாட்டு நண்பர்களுக்கு ஒரு விளக்கம். நாங்கள் இருப்பது தென் அட்சம் 20 பாகையில். வருடத்தில் பெரும்பகுதி நண்பகல் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும். டிசம்பரில் உச்சந்தலைக்கு வந்து கொஞ்சம் தெற்கே நழுவும். வடக்குச் சுவரைக் காப்பது சுலபம், ஜன்னலுக்கு மேல் ஒரு கான்கிரீட் விளிம்பு நீட்டினால் போதும். மேற்குதான் வில்லன். சாயங்கால வெயில் படுத்த கோணத்தில் வரும், மேலே நீட்டிய விளிம்பு அதைத் தடுக்காது. நிழலில்லாத சாதாரணக் கண்ணாடியில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய அரை கிலோவாட் சூடு உள்ளே இறங்கும். ஏழு சதுர மீட்டருக்கு ஒரு டன் ஏசி என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்ட் லூயியின் கெட்ட நேரம், கடலும் அதே மேற்குத் திசையில்தான் இருக்கிறது. வாடகை கூடுதலாகக் கேட்கும் காட்சியும் அங்கே, வெயிலும் அங்கே.

இதில் பச்சைக் கட்டிடம், பேட்டரி, சோலார் என்று பேசுவதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். ஒரு கட்டிடம் எவ்வளவு மின்சாரம் தின்னும் என்பது பெரும்பாலும் முதல் கூட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது. அந்தக் கூட்டத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதே எனக்குக் கேள்வி.

இன்னொரு வேலையில் அப்படி உட்காரக் கொடுத்துவைத்தது. சின்னக் கட்டிடம், நாலு மாடி. சொந்த அலுவலகத்துக்காகக் கட்டியவர், மின்கட்டணத்தைத் தானே கட்டப்போகிறவர். (வாடகைக்கு விடக் கட்டுகிறவர்களுக்கு அந்தக் கவலை வராது, பில் இன்னொருவருக்கு.) முதல் நாளே ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சர் பார்ப்பவர், எலக்ட்ரிக்கல், நான், அவருடைய கணக்காளர், பழைய அலுவலகத்தில் பராமரிப்பு பார்க்கும் பெரியவர் எல்லோரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தார். அந்தப் பெரியவரை நாங்கள் 'தோந்தோன்' என்று கூப்பிடுவோம், கிரியோலில் மாமா, சித்தப்பா மாதிரி. மூன்று மணி நேரத்தில் லிஃப்ட், படிக்கட்டு, கழிப்பறை எல்லாம் மேற்குப் பக்கம் போய்விட்டன. கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் சுவர். வெயில் அந்தச் சுவரைச் சுட்டுவிட்டுப் போகட்டும், அங்கே யாரும் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கப் போவதில்லை.

வடக்கு ஜன்னல்களுக்கு நிழல் தர அலுமினியத் தகடு வைக்கலாம் என்றார் ஆர்க்கிடெக்ட். ஸ்ட்ரக்சர்காரர் ஒரே வார்த்தை: "சைக்ளோன்." தளத்தோடு சேர்த்து வார்த்த கான்கிரீட் விளிம்பாக அது மாறியது. தனித்தனி அறையில் வரைந்திருந்தால் தகடு போட்டிருப்பார்கள், முதல் புயலில் அது பக்கத்துத் தெருவில் கிடந்திருக்கும்.

சீலிங் ஃபேன் விஷயத்தில்தான் பெரிய சண்டை. ஃபேன் சுற்றினால் 28 பாகையிலும் உட்கார்ந்து வேலை செய்யலாம், ஏசியைப் பல மாதம் தொடவே வேண்டாம். ஆனால் ஃபேனுக்கு மேலே விளக்கு வந்தால் இறக்கையின் நிழல் மேஜையில் வெட்டி வெட்டி ஓடும், தலைவலி. தீயணைப்புத் தண்ணீர்க் குழாய்க்கும் ஃபேன் குறுக்கே வரக்கூடாது. பீம் ஆழமாக இருந்தால் ஃபேனைத் தொங்கவிட உயரம் கிடைக்காது. நாலு பேரும் நாலு வரைபடத்தை ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஒரு பகல் முழுக்க அடித்துக்கொண்டோம். ஃபால்ஸ் சீலிங்கே வேண்டாம் என்று முடிந்தது. தோந்தோன் அதுவரை வாயைத் திறக்கவில்லை. கடைசியில், "ஏசி ஃபில்டரைக் கழுவ எனக்கு ஏணி வைக்க இடம் எங்கே?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் நான் போட்ட கணக்கெல்லாம் தண்ணீரில் எழுதியதுதான்.

ஏசி சிறிதாகிவிட்டது. என் கட்டணமும் கூடவே குறைந்தது. சிரிக்காதீர்கள், நோயே அதுதான். எங்கள் தொழிலில் பல ஒப்பந்தங்களில் கட்டணம் வேலைச் செலவின் சதவீதம். ஏசி பெரிதானால் எனக்குக் காசு. ஏசியே தேவைப்படாத மாதிரி யோசித்துக் கொடுத்தால் பட்டினி. இந்தக் கணக்கை மாற்றாமல் எல்லோரும் சேர்ந்து வடிவமையுங்கள் என்று கருத்தரங்கு நடத்துவது வீண் பேச்சு.

மாற்றி எழுதியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் கொலராடோவின் கோல்டன் நகரில், அரசின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வுக்கூடம் 2010-ல் ஒரு பெரிய அலுவலகத்தைக் கட்டியது. டெண்டரிலேயே பட்ஜெட் இவ்வளவு, எரிசக்தி இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று எழுதி, வரைபவரும் கட்டுபவரும் ஒரே அணியாக வரச் சொன்னார்கள். கட்டிடத்தின் ஒவ்வொரு சிறகும் சுமார் 60 அடி அகலம்தான், யாரும் ஜன்னலிலிருந்து 30 அடிக்கு மேல் தள்ளி உட்காரவில்லை. பழைய கட்டிடத்திலும் இது நடக்கும். நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தில் 6,514 ஜன்னல்களையும் கழற்றி, அந்தக் கட்டிடத்துக்குள்ளேயே வைத்துப் புதுப்பித்து மாட்டினார்கள். உள்ளே வரும் சூடு குறைந்ததால் குளிரூட்டும் இயந்திரங்களைப் பெரிதாக வாங்காமல் பழையதையே செப்பனிட முடிந்தது. ஜன்னல்காரரும் ஏசிக்காரரும் பேசிக்கொண்டால் வருவது இது.

அவ்வளவு தூரம் ஏன்? பக்கத்துத் தீவான ரியூனியனில், செயின்ட் பியரில் பல்கலைக்கழகத்தின் எனர்போஸ் கட்டிடம் இருக்கிறது. நம்மைப் போலவே வெயில், நம்மைப் போலவே புயல். காற்று குறுக்கே ஓடும்படி இரண்டு பக்கமும் திறப்பு, தலைக்கு மேல் ஃபேன், சுற்றிலும் தாருக்குப் பதில் செடிகொடி. வகுப்பறைகளில் ஏசி இல்லை. கூரை சோலார் அது தின்பதைவிடப் பல மடங்கு மின்சாரம் தருகிறது.

நமக்கும் இது தெரியாததில்லை. மொக்காவில் யுரேகா என்ற பழைய மாளிகைக்குப் போய் அந்த வராங்கில், அதாவது வராண்டாவில், ஐந்து நிமிடம் நில்லுங்கள், சுற்றிலும் கதவு திறந்தால் காற்று தானாக வரும். 1960-ல் கரோல் புயல் மர வீடுகளையும் தகர வீடுகளையும் வாரிக்கொண்டு போனபின் ஊரே கான்கிரீட் பெட்டிக்குள் போனது. என் பாட்டி அந்த இரவைப் பற்றிக் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார், அதனால் அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். வராங்கைக் கான்கிரீட்டிலும் கட்டியிருக்கலாம் என்பதுதான் வருத்தம்.

இன்னொன்று. கரும்பு வெட்டும் மாதங்களில் ஆலையோரத்து மின்நிலையங்கள் சக்கையை எரிக்கும். அறுவடை முடிந்தால் அதே கொதிகலனில் நிலக்கரி. ஏசி உச்சத்தில் ஓடும் ஜனவரி, பிப்ரவரியில் வயலில் வெட்டக் கரும்பு இல்லை. அந்த ஐந்தாவது மாடி 19-ல் ஓடுவது கப்பலில் வந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும்.

மேலாளரிடம் புது ஏசி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு வெளியே செங்குத்துத் தடுப்பு, ஓரத்துக்கும் உள்பக்கத்துக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு, எட்டு ஃபேன் என்று எழுதிக் கொடுத்தேன். வெளித்தடுப்புக்கு ஆர்க்கிடெக்ட் சம்மதிக்க வேண்டும், அது புயலில் நிற்குமா என்று ஸ்ட்ரக்சர்காரர் சொல்ல வேண்டும். இருவரையும் செவ்வாய்க்கிழமை அந்த ஐந்தாவது மாடிக்கே வரச் சொல்லியிருக்கிறேன், பிற்பகல் மூன்று மணிக்கு. திரையைத் தூக்கிவிட்டு உட்கார்ந்து பேசுவதாகத் திட்டம்.