டேலி ஆட்-ஆனுக்கு என்ன விலை வைப்பது?

"ஒருதடவை காசு, ஆயுசுக்கும் சப்போர்ட்" என்று சொல்லி, டேலி கணக்கு மென்பொருளுக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் ஆட்-ஆன் விற்கும் தனி டெவலப்பர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள்.

டிடிஎல்லில் (டேலியின் சொந்த நிரல் மொழி) எழுதுவது சின்ன வேலை, அதற்கப்புறம் வருவதுதான் பெரிய வேலை. பில்லை அரசு போர்ட்டலில் பதிவு செய்யும் இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத்தான் கட்டாயமானது. வரம்பு இறங்கி இறங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்துவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் கம்பெனிகளுக்கு, கணக்கில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தையும் குறித்துவைக்கும் எடிட் லாக் கட்டாயம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்களே மாறின. இப்படி ஒவ்வொரு தடவையும் பில் சரியாக வரவில்லை என்றால் வாடிக்கையாளர் டெல்லிக்கா போன் போடுவார்? உங்களுக்குத்தான். ஐயாயிரம் ரூபாய்க்கு விற்ற மாட்யூலுக்காக நாலாவது வருஷமும் ஞாயிற்றுக்கிழமை எனிடெஸ்க்கில் அவர் கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார வேண்டும், இல்லையென்றால் போனை எடுக்காமல் இருக்க வேண்டும். அதிகம் நடப்பது இரண்டாவதுதான்.

"வருஷா வருஷம் கேட்டா தரமாட்டாங்க சார்" என்பார்கள். அந்த வாடிக்கையாளர் டேலிக்கு டிஎஸ்எஸ் என்ற சந்தாவைப் புதுப்பித்துக்கொண்டுதானே இருக்கிறார்? புதுப்பிக்காவிட்டாலும் டேலி ஓடும், புது ரிலீஸ் மட்டும் வராது. அதையே நாமும் வைக்கலாம். முதல் விலையில் நாலில் ஒரு பங்கு வருஷக் கட்டணம், சட்ட மாற்றங்களும் போன் சப்போர்ட்டும் அதற்குள் அடக்கம் என்பது என் கணக்கு. தேதி முடிந்ததும் நின்றுபோகிற மாதிரி டிசிபி ஃபைல் (வாடிக்கையாளர் டேலியில் ஏற்றும் ஆட்-ஆன் ஃபைல்) கொடுப்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மார்ச் கடைசியில் பில் போட முடியாமல் தவிக்கிறவரிடம் பணம் கேட்பது மிரட்டல்.

முதல் விலையை எத்தனை மணி நேரம் எழுதினோம் என்று பார்த்துப் போடாதீர்கள். திருப்பூரில் துணி நிட்டிங், டையிங், காம்பாக்டிங் என்று கைமாறிக்கொண்டே இருக்கும். ஜாப்வொர்க்குக்கு, அதாவது கூலிக்கு வேலை செய்து தர வெளியே போன சரக்கு ஒரு வருஷத்துக்குள் திரும்பாவிட்டால் அனுப்பிய அன்றே விற்றதாகக் கணக்கிட்டு ஜிஎஸ்டி கேட்பார்கள். எந்த டிசி-யில் (டெலிவரி சலான்) எத்தனை கிலோ வெளியே நிற்கிறது, டையிங்கில் எவ்வளவு எடை குறைந்தது என்று ஒரே ஸ்க்ரீனில் காட்டும் மாட்யூல் இரண்டு வாரத்தில் எழுதியதாகவே இருக்கட்டும். அதற்கு நாற்பதாயிரம் கேட்க ஏன் கூச்சம்?

ஆனால் பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பும் மாட்யூல் மாதிரி எல்லாருக்கும் பொதுவானதற்கு விலையைக் குறைவாக வைப்பதுதான் நியாயம். டேலி பிரைம் 4.0 வந்தபோது அந்த வசதி அதற்குள்ளேயே வந்துவிட்டது. வருஷக் கட்டணம் என்றால் வாங்கியவர் அடுத்த வருஷம் புதுப்பிக்காமல் விட்டுவிடலாம். மொத்தமாகப் பெரிய தொகை கொடுத்திருந்தால் உங்களைத் திட்டாமல் விடுவாரா?

ஏற்கெனவே ஆயுசுக்கும் என்று சொல்லி விற்றிருந்தால் அவர்களிடம் கை வைக்காதீர்கள். வேர்ட்பிரஸ் இணையதளங்களுக்குத் தீமும் பிளக்-இன்னும் விற்ற வூதீம்ஸ் நிறுவனம் 2013இல் பழைய வாடிக்கையாளர்களையும் சேர்த்து ஒரு வருட லைசென்ஸுக்கு மாற்றப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பியதும் பழையவர்கள் விஷயத்தில் இறங்கி வர வேண்டியதாயிற்று. அடுத்து வாங்கப்போகிறவரின் கொட்டேஷனில் வருஷக் கட்டணத்தைத் தனி வரியாக, முதல் நாளே போட்டுவிடுங்கள். பேரம் பேசினால் முதல் விலையில் கொஞ்சம் குறைக்கலாம், அந்த வரியில் கூடாது.