51.4 எப்படி 47 ஆனது?

"தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை 51.4 சதவீதத்திலிருந்து 47-க்குச் சரிந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு எண்களும் சரிதான். அவற்றை அருகருகே வைத்துக் கழித்ததுதான் பிழை.

மத்தியக் கல்வி அமைச்சகத்தின் உயர்கல்வி ஆய்வில் 51.4 என்பது 2019-20 ஆண்டுக்கானது. எந்த வயதானாலும் உயர்கல்வியில் சேர்ந்திருப்பவர்களின் மொத்த எண்ணிக்கையை, 18 முதல் 23 வயதினரின் எண்ணிக்கையால் வகுத்துக் கிடைக்கும் சதவீதம் இது. அப்போது 18 முதல் 23 வயதினரின் எண்ணிக்கையை 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து மதிப்பிட்டார்கள். அடுத்த ஆண்டு 2011 கணக்கெடுப்புக்கு மாறினார்கள். வகுக்கும் எண் மாறினால் விடையும் மாறத்தானே செய்யும்?

நம்பிக்கை இல்லையென்றால் அகில இந்திய எண்ணைப் பாருங்கள். அதே 2019-20க்குப் பழைய கணக்கில் 27.1, புதிய கணக்கில் 25.6. ஒரு மாணவர்கூட வெளியேறவில்லை, ஒரு கல்லூரியும் மூடப்படவில்லை. விகிதம் மட்டும் இறங்கியது.

புதிய கணக்கிலேயே ஒப்பிட்டால், தமிழ்நாடு 2020-21இல் 46.9, 2021-22இல் 47. தேசிய அளவு 27.3, 28.4. சரிவு எங்கே இருக்கிறது? (பாய்ச்சலும் இல்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.)

பொறியியல் கல்லூரிகளில் இடங்கள் காலியாகக் கிடப்பது உண்மை. ஆனால் அதற்கு இந்த எண் சாட்சி இல்லை. கலை, அறிவியல் கல்லூரியில் சேர்ந்தவரும் தொலைநிலையில் படிக்கும் நாற்பது வயதுக்காரரும் இதே கணக்கில்தான் வருகிறார்கள்.