மடக்கும் சக்கரம் வீண் செலவா?

சிரஸ் எஸ்ஆர்22 என்ற விமானம் வந்த பிறகு, சிறு விமானத்தில் பறக்கும்போது உள்ளே மடக்கிக்கொள்ளும் சக்கரம் எதற்கு என்று உங்கள் கட்டுரை கேட்கிறது. அது சக்கரத்தை நீட்டிக்கொண்டே 180 நாட் (மணிக்குச் சுமார் 333 கி.மீ.) வேகத்தில் போவது உண்மைதான். ஆனால் அதற்கு 310 குதிரைத்திறன் எஞ்சின் வேண்டியிருக்கிறதே! சக்கரத்தை மடக்கும் மூனி எம்20ஜே, வெறும் 200 குதிரைத்திறனில் 160 நாட் அளவுக்குப் பறக்கும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், வேகம் கூடக்கூட மடக்குவதன் பலன் தெரியும்.

அமெரிக்காவில் பைப்பர் ஆரோ என்ற மடக்கும் சக்கர விமானம் ஓட்டும் என் அக்கா மகன் மதுரைக்கு வந்தால் இதே பேச்சுதான். இறங்குமுன், சக்கரங்கள் நீண்டு பூட்டிக்கொண்டதைக் காட்டும் மூன்று பச்சை விளக்கும் எரிகிறதா என்று பார்க்கும் பழக்கமே தன்னைக் கவனமான விமானியாக்கியது என்பான். மடக்கும் சக்கரத்துக்குப் பராமரிப்புச் செலவும் காப்பீட்டுச் செலவும் அதிகம், சரி. அப்புறம் இன்னொன்று: எஞ்சின் நின்று சோழவந்தான் பக்கத்துச் சேற்று வயல் மாதிரி இடத்தில் இறங்க நேர்ந்தால், நீட்டிய சக்கரம் புதைந்து விமானம் குப்புறக் கவிழலாம். மடக்கியிருந்தால் வயிற்றால் வழுக்கிப் போக வாய்ப்புண்டு. கட்டுரையில் இதையும் சேர்த்திருக்க வேண்டும். மூனி பற்றித் தனியாக எழுதுங்கள் ஐயா.