ஜாமீனே கிடையாது என்பது தவறு

"பிணையில் விட முடியாத பிரிவு போட்டாச்சு, இனி ஜாமீனே கிடையாது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க. ஸ்டேஷனில் உரிமையாகக் கேட்டு வெளியே வர முடியாது, அவ்வளவுதான். நீதிமன்றம் விசாரித்து ஜாமீன் தரலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 480, 483 பிரிவுகள் இதைத்தான் சொல்கின்றன. போதைப்பொருள், உபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்) வழக்குகளில் நிபந்தனை கடுமை, அது வேறு.

பாராலீகல் (வழக்கறிஞருக்கு உதவும் சட்டப் பணி) படிக்கிறேன், அதனால் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு அக்கா ஒருவர் இதே பேச்சை நம்பி, மகனுக்கு மனுவே போடாமல் அழுதுகொண்டிருந்தார். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.