டோக்கன் அட்வான்ஸைக் கொஞ்ச நாள் பையிலேயே வையுங்கள்

"அண்ணே, நத்தம் ரோட்டுப் பக்கம் ஒரு வீடு பிடிச்சுப்போச்சு, ஒரு லட்சம் டோக்கன் குடுத்துட்டேன், பேப்பரை மட்டும் கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?" வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இந்த மாதிரி போன் எனக்கு அடிக்கடி வரும். பேசுவது பெரும்பாலும் முதல் தடவை வீடு வாங்குகிற பிள்ளைகள், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், விவரம் தெரியாதவர்கள் இல்லை. ஆனாலும் லட்ச ரூபாயைக் கொடுத்துவிட்டு அப்புறம் பேப்பரைப் பார்க்கச் சொல்கிறார்களே என்று வயிறு எரியும்.

நம்ம மதுரையில் வீடு வாங்குகிற வரிசையே தலைகீழாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய் டைல்ஸையும் மாடுலர் கிச்சனையும் பார்ப்பது, வாசல் எந்தத் திசை என்று வாஸ்துக்காரருக்குப் போன் போடுவது, "சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வர்றாங்க சார்" என்று புரோக்கர் சொன்னதும் நின்ற இடத்திலேயே ஜிபேயில் ஐம்பதாயிரத்தைத் தட்டிவிடுவது. வங்கி, வக்கீல் எல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த இன்னொரு பார்ட்டியை என் சர்வீஸ் முழுக்க நான் கண்ணால் பார்த்ததில்லை. புரோக்கரைக் குறை சொல்லவில்லை, கிரையம் முடிந்தால்தான் அவருக்குக் கமிஷன், அவர் அவசரப்படுத்தத்தான் செய்வார். முப்பது வருஷச் சம்பாத்தியத்தை அடகு வைக்கப் போகிற நீங்கள் ஏன் அவசரப்படுகிறீர்கள்? பணம் உங்கள் பையில் இருக்கிறவரை விற்கிறவர் உங்களைத் தேடி வருவார், கை மாறிவிட்டால் அவர் போனை எடுக்கிறாரா என்று நீங்கள் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

வீடு பிடித்திருக்கிறது என்றால் அன்றைக்கே சர்வே எண்ணையும், தாய்ப் பத்திரம் (சொத்து முன்னால் யார் யார் கை மாறி வந்தது என்று காட்டுகிற பழைய பத்திரம்), இப்போதைய கிரையப் பத்திரம், பட்டா, கட்டட வரைபட அனுமதி, வீட்டு வரி ரசீது இவற்றின் ஜெராக்ஸையும் கேளுங்கள். "அட்வான்ஸ் போட்டாத்தான் ஜெராக்ஸ்" என்று சொன்னால் ஒரு கும்பிடு போட்டு வந்துவிடுங்கள். சர்வே எண் கிடைத்தால் பாதி வேலையை வீட்டில் இருந்தே பார்க்கலாம். பட்டாவும் வில்லங்கமும் (அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) அரசு இணையதளங்களிலேயே காசில்லாமல் பார்க்கக் கிடைக்கின்றன. மாநகராட்சிக்குள் டவுன் சர்வே நடந்த இடம் என்றால் நகர நில அளவைப் பதிவேட்டு நகலைக் கேளுங்கள். பட்டாவில் இருக்கிற பெயரும் விற்கிறவர் பெயரும் ஒன்றா, பத்திரத்தில் போட்டிருக்கிற அளவு பட்டாவிலும் இருக்கிறதா, இதைப் பார்க்கச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை.

வில்லங்கச் சான்றை மட்டும் நம்பி யாரும் காசை எண்ண வேண்டாம். பதிவான பத்திரங்கள் மட்டும்தான் அதில் வரும். பதியாத உயிலும், வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகமும் அதில் தெரியாது, கோர்ட்டில் கேஸ் நடந்தாலும் பல நேரம் தெரியாது. நான் பார்த்த வம்புகளில் முக்கால்வாசி வாரிசு வம்புதான். அப்பா சொந்தமாகச் சம்பாதித்துக் கட்டிய வீடு, உயில் எழுதாமல் இறந்துவிட்டார், அண்ணன் தம்பி மூன்று பேர் சேர்ந்து விற்கிறார்கள். அக்கா தங்கச்சி இல்லையா என்று கேட்டால், "அவங்களுக்கு நகை நட்டு போட்டு, சீர் செஞ்சு அனுப்பிட்டோம் சார், கேக்க மாட்டாங்க" என்பார்கள். இந்து குடும்பம் என்றால் இப்படிப்பட்ட சொத்தில் 1956 வாரிசுரிமைச் சட்டத்தில் இருந்தே மகனுக்கு இருக்கிற பங்கு மகளுக்கும் உண்டு, அம்மாவுக்கும் உண்டு. பூர்வீகச் சொத்திலும் 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளைத் தள்ளி வைக்க முடியாது. ஆகையால் வாரிசுச் சான்றில் இருக்கிற அத்தனை பேரும் கிரையத்தில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் என் பங்கை விட்டுக்கொடுக்கிறேன் என்று பதிவு செய்த விடுதலைப் பத்திரம் கொடுக்க வேண்டும். இறந்து போன அண்ணனுக்குச் சின்னப் பிள்ளை இருந்தால் அந்தப் பங்குக்குக் கோர்ட் அனுமதி வரை போக வேண்டியிருக்கலாம். தங்கச்சி திருப்பூரில் இருக்கிறாள், பேச்சுவார்த்தை இல்லை என்றால் அது அவர்கள் குடும்பப் பிரச்சினை. தீர்த்துவிட்டு வரட்டும், அதுவரை உங்கள் பணத்துக்கு அங்கே என்ன வேலை?

"பேங்க் லோன் குடுத்துட்டாலே பேப்பர் கிளியர்தானே அண்ணே" என்பார்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன், வங்கியின் வக்கீல் வங்கிக்காகத்தான் பார்க்கிறார். வங்கிக்கு வீடு போக உங்கள் சம்பளமும் ஜாமீன் மாதிரி இருக்கிறது, நாளைக்குப் பத்திரத்தில் வம்பு வந்தாலும் மாதத் தவணை நிற்காது. நாற்பது லட்சத்துக்கு வாங்குகிறவர்கள் சொந்தமாக ஒரு சிவில் வக்கீலுக்குச் சில ஆயிரம் கொடுக்க மூக்கால் அழுவதை என்னால் புரிந்துகொள்ளவே முடியவில்லை.

மனை வாங்கிக் கட்டுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற வார்த்தையைக் கேட்டால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது, நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி எண் வேண்டும். 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்குத் தடை போட்டதும், அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்த 2017இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்ததும் ஞாபகம் இருக்கும். 2016 அக்டோபர் 20க்கு முன்னால் மனையாகப் பதிவானதை மறுபடி பதிய வழி இருக்கிறது. அதனால் பத்திரம் பதிவாகிவிட்டதே என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள், வரன்முறை செய்யாத மனைக்கு வீடு கட்ட அனுமதி கேட்டுப் போகும்போதுதான் சிக்கல் தெரியும். அதே மாதிரி ரெரா, ரெரா என்று எல்லாரும் சொல்கிறார்கள், கட்டி விற்கிறவர்களும் மனை போடுகிறவர்களும் பதிய வேண்டிய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் அது. 500 சதுர மீட்டர், அதாவது சுமார் பன்னிரண்டு சென்டைத் தாண்டாத இடம் என்றால் அங்கே பதிய வேண்டிய கட்டாயமே இல்லை. ஆனையூரிலும் திருநகரிலும் ஐந்து சென்டில் இரண்டு வீடு கட்டி விற்கிறாரே ஒரு மேஸ்திரி, அவர் இதற்குள் வர மாட்டார். அங்கே உங்களுக்குத் துணை வரைபட அனுமதிதான். அதில் ஒரு மாடி என்று போட்டுவிட்டு இரண்டு மாடி நிற்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

தண்ணீர். மதுரைக்காரனுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஊர் பெயர் குளம் என்றோ ஏந்தல் என்றோ நேரி என்றோ முடிந்தால், தண்ணீர் எங்கே இருந்து வந்து எங்கே போகிறது என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். மாநகராட்சிக் கட்டடம் நிற்கிற இடமே தல்லாகுளம் கண்மாய்தான் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், அரசாங்கமே கண்மாயில் உட்கார்ந்திருக்கும்போது மனை போடுகிறவர் விடுவாரா? 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் பந்தல்குடி வாய்க்காலை ஒட்டிய தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தோம். சித்திரை வெயிலில் பார்த்தால் எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும். புலப்படத்தை (சர்வே எண்ணுக்கான நில அளவை வரைபடம்) எடுத்து வைத்துக்கொண்டு பக்கத்தில் ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்று எதுவும் ஓடுகிறதா என்று பாருங்கள். தெருமுனை டீக்கடையில் ஐப்பசி மழைக்கு எதுவரை தண்ணீர் நின்றது என்று கேளுங்கள், போர் எத்தனை அடி, கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா என்பதையும் அங்கேயே கேட்டுவிடலாம். டீக்கடைக்காரருக்குக் கமிஷன் கிடையாது.

இனி காசு. வீட்டு விலை 40 லட்சம் என்றால் வங்கி அதிகபட்சம் 80 சதவீதம், 32 லட்சம் தரும். மீதி 8 லட்சம் உங்களுடையது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 3 லட்சத்து 60 ஆயிரம், இதையும் நீங்கள்தான் போட வேண்டும், வங்கி இதைக் கடன் கணக்கில் சேர்க்காது. புரோக்கர், வக்கீல், பத்திரம் எழுதுபவர், பால் காய்ச்சுகிற செலவு எல்லாம் சேர்த்தால் 12, 13 லட்சம் கையில் இல்லாமல் 40 லட்சம் வீட்டைப் பார்க்கவே போக வேண்டாம். (10 லட்சத்துக்குள் இருக்கிற மனையைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும்.) எட்டரை சதவீத வட்டியில் 32 லட்சத்துக்கு இருபது வருஷத் தவணை மாதம் சுமார் 27,770 ரூபாய், கட்டி முடிக்கும்போது 66 லட்சத்துக்கு மேல் போயிருக்கும். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது, போனஸ் வந்தால் காரை நினைக்காதீர்கள். மதிப்பைக் குறைத்துப் பதியலாம், மீதியை ரொக்கமாகக் கொடுங்கள் என்பார்கள். பத்திரத்தில் காட்டிய மதிப்புக்குத்தான் வங்கி கடன் தரும், நாளைக்கு நீங்கள் விற்கும்போது லாப வரியும் உங்கள் தலையில்தான் விழும். நிலம் வீடு விற்கிறவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ அட்வான்ஸை ரொக்கமாக வாங்கவே கூடாது என்று வருமான வரிச் சட்டத்திலேயே இருக்கிறது.

இவ்வளவும் பார்த்து, வக்கீலும் சரி என்ற பிறகு அட்வான்ஸ் கொடுங்கள், வங்கி வழியாக, ஒப்பந்தம் எழுதி. 2012 டிசம்பரில் இருந்து தமிழ்நாட்டில் கிரைய ஒப்பந்தத்தையும் பதிய வேண்டும். வெள்ளைத்தாளில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுப்பதை வைத்துக்கொண்டு கோர்ட்டில் அலைவது பெரும்பாடு. பத்திரத்தில் குறை என்று வங்கி கடனை மறுத்தால் அட்வான்ஸ் முழுக்கத் திரும்பி வரும் என்ற ஒரு வரியை எழுதச் சொல்லுங்கள், முகம் சுளிப்பவரிடம் ஏன் என்று கேளுங்கள். ஆடியில் யாரும் பதிய மாட்டார்கள், விற்கிறவரும் கொஞ்சம் இறங்கி வருவார், அந்த மாதத்தைப் பேப்பர் பார்க்க வைத்துக்கொண்டு ஆவணியில் பதியலாம்.

விற்கிறவர் தன் பழைய வீட்டுக் கடனை அடைத்துவிட்டேன் என்றால் வங்கியின் கடிதம் மட்டும் போதாது, அடமானம் தீர்ந்தது என்று காட்டுகிற ரசீதுப் பத்திரம் பதிவாகி வில்லங்கத்தில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் பதிந்து கொஞ்ச நாள் கழித்து உங்கள் பெயருக்கும் ஒரு வில்லங்கம் போட்டுப் பார்த்துவிடுங்கள். சர்வே எண்ணோ நான்கு எல்லையோ தப்பாக விழுந்திருந்தால், விற்றவர் மகன் வீட்டுக்கு பெங்களூர் கிளம்புவதற்குள் பிழைத்திருத்தல் பத்திரம் வாங்கிவிடலாம்.