அச்சடித்தால் மட்டும் ஓஎல்இடி விலை குறையாது
மின்சாரம் பாய்ந்தால் தானே ஒளிரும் கரிமப் பொருளால் ஆனது ஓஎல்இடி திரை. அந்தப் பொருளை மையாகக் கரைத்துத் தெளிக்கும் இங்க்ஜெட் அச்சுமுறை வந்தால் திரையின் விலை தானாக இறங்கிவிடும் என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. சோனி, பானசோனிக் நிறுவனங்களின் ஓஎல்இடி பிரிவுகளை இணைத்து ஜப்பானில் 2015-இல் தொடங்கிய ஜேஓஎல்இடி இதே முறையில்தான் திரை தயாரித்தது. 2023 மார்ச்சில் கடன் தாங்காமல் நீதிமன்றத்தை நாடியது. வழக்கமான முறையில், பொருளை வெற்றிட அறையில் ஆவியாக்கிப் படியவைக்கும்போது நிறைய பொருள் மறைப்புத் தகட்டிலும் சுவரிலும் ஒட்டி வீணாகிறது, அச்சுமுறை அதை மிச்சப்படுத்துகிறது, சரி. ஆனால் மையாகக் கரைத்த பொருள் ஆயுளில் பின்தங்குகிறது, நீலத்தில் ரொம்பவே. சாதாரண ஃப்ளூரசன்ஸ் வகை நீலப் பொருளில், மின்சாரம் உண்டாக்கும் எக்ஸிடான்கள் எனும் ஆற்றல் துணுக்குகளில் சுமார் 25% மட்டுமே நேரடியாக வெளிச்சமாகும். மீதியில் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடும். அந்த மீதியையும் வெளிச்சமாக்குவது பாஸ்பரசன்ஸ் வகைப் பொருள். சிவப்புக்கும் பச்சைக்கும் எப்போதோ வந்துவிட்ட அதை நீலத்திலும் நீண்ட ஆயுளோடு கொண்டுவந்தால், பிரகாசத்துக்காக ஒளிரும் அடுக்குமேல் அடுக்கு போடும் டேண்டம் அமைப்பின் செலவையும் குறைக்கலாம். ஆராய்ச்சிப் பணம் முதலில் அங்கேதான் போகவேண்டும்.