20 சதவீதம் போதுமாம்!

துபாயில் வில்லா வாங்கலாமா என்று விசாரிக்கும் வெளிநாட்டுக் குடும்பம் எதுவாக இருந்தாலும், தரகர்கள் ஒரே மந்திரத்தைத்தான் ஓதுகிறார்கள்: “20 பர்சென்ட் கையில இருந்தா போதும் சார், மிச்சத்தை பேங்க் பாத்துக்கும்.” வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மாதம் நெருங்கும்போதெல்லாம் வீட்டு உரிமையாளர் எவ்வளவு ஏற்றுவாரோ என்று வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது தேனாக இனிக்கும் என்பதைத் தெரிந்துகொண்டுதான் சொல்கிறார்கள். எனக்கு எரிச்சல் விலையின் மேல் அல்ல. எல்லாக் கட்டணமும் எல்லா விதியும் அச்சில் இருக்கும் ஊரில், கையெழுத்துப் போடும்வரை அவற்றை வாங்குபவரிடம் வரிசையாகச் சொல்ல ஒருவர்கூட வாய் திறப்பதில்லை என்பதே என் கோபம்.

கணக்கைப் பாருங்கள். வில்லாவின் விலை 30 லட்சம் திர்ஹாம் என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டவரின் முதல் வீடு, விலை 50 லட்சத்துக்கு மேல் போகவில்லை என்றால், வங்கி அதிகபட்சம் 80 சதவீதம் கடன் தரலாம். ஆக 6 லட்சம் நம் கையிலிருந்து போக வேண்டும். மந்திரம் இதோடு முடிந்துவிடுகிறது. நிலப் பதிவுத் துறைக்கு 4 சதவீதம், அதாவது 1,20,000. தரகருக்கு 2 சதவீதமும் அதன்மேல் 5 சதவீத வாட் வரியும் சேர்த்து 63,000. பதிவு நடக்கும் டிரஸ்டி அலுவலகத்துக்கு வாட் உட்பட 4,200. அடமானத்தைப் பதிவு செய்யக் கடன் தொகையில் 0.25 சதவீதம், அதாவது இன்னொரு 6,000. வங்கியின் செயலாக்கக் கட்டணமும் மதிப்பீட்டுக் கட்டணமும் தனி. ஆக, முன்பணத்துக்கு மேல் ஏறக்குறைய 2 லட்சம் திர்ஹாம் ரொக்கமாக வேண்டும். முன்பு சில வங்கிகள் இந்தக் கட்டணங்களில் ஒரு பகுதியையும் கடனோடு சேர்த்துக் கொடுத்துவந்தன. 2025 பிப்ரவரி முதல் அதை நிறுத்தும்படி அமீரக மத்திய வங்கி சொல்லிவிட்டது. குடும்பங்கள் தலைக்கு மேல் கடன்படாமல் இருக்க அது நல்ல முடிவு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் என்னிடம் ஒரு தரகர் நீட்டிய கணக்குத் தாளில் அந்த மாற்றத்தின் சாயல்கூட இல்லை.

அந்த 4 சதவீதத்திலேயே ஒரு கூத்து இருக்கிறது. 2013இல் இந்தக் கட்டணம் 2 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்ந்தபோது, வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலொழிய விற்பவரும் வாங்குபவரும் பாதிப் பாதி கட்ட வேண்டும் என்றுதான் விதி வந்தது. நடைமுறையில் முழுவதையும் வாங்குபவர்தான் கட்டுகிறார். விற்பவரின் பங்கு எங்கே என்று நான் கேட்டபோது, ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டதைப் போலத் தரகர் சிரித்தார். “மார்க்கெட் பிராக்டிஸ் சார்” என்றார். விதியில் விதிவிலக்காக இருந்ததை வழக்கமாக்கிவிட்டு, அதைக் கேள்வி கேட்பவனை விவரம் தெரியாதவன்போல் பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

இதையெல்லாம்விடப் பெரிய குழி மதிப்பீட்டில் இருக்கிறது. வங்கி 80 சதவீதம் தருவது நாம் பேசி முடித்த விலைக்கு அல்ல; பேசிய விலை, மதிப்பீட்டாளர் போட்ட விலை இரண்டில் எது குறைவோ அதற்குத்தான். 30 லட்சத்துக்குப் பேசிய வீட்டை மதிப்பீட்டாளர் 28 லட்சம் என்று எழுதிவிட்டால், கடன் 24 லட்சத்திலிருந்து 22,40,000 ஆகச் சுருங்கிவிடும். இடையில் விழும் 1,60,000 நம் தலையில். அதற்குள் விற்பவரும் வாங்குபவரும் போடும் விற்பனை ஒப்பந்தமான எஃப் படிவத்தில் கையெழுத்தாகி, விலையில் 10 சதவீதத்துக்கான காசோலை தரகரிடம் போயிருக்கும். பின்வாங்கினால் அந்த 3 லட்சத்தை விற்பவர் உரிமை கோரலாம். “லோன் வரலேன்னா செக்கைத் திருப்பிக் குடுத்துடுவாங்க சார், கவலைப்படாதீங்க” என்று வாயால் சொன்ன அதே மனிதர் கொண்டுவந்த படிவத்தில், கூடுதல் நிபந்தனைகளுக்கான கட்டம் வெள்ளையாக இருந்தது. கடன் மறுக்கப்பட்டாலோ மதிப்பீடு குறைந்தாலோ காசோலை திரும்ப வேண்டும் என்று ஒரு வரி அதில் எழுதுங்கள் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. விற்பவர் ஒப்புக்கொள்ள மாட்டார், வேறு ஆள் காத்திருக்கிறார், இன்று மாலைக்குள் முடிவு சொல்லுங்கள் என்று அவசரப்படுத்த ஆரம்பித்துவிட்டார். வாயால் கொடுக்கத் தயங்காத உறுதியை எழுத்தில் கொடுக்க மட்டும் ஏன் இத்தனை நடுக்கம்?

குடியிருக்க வாங்குபவர்களுக்கு அடுத்த அடி, உள்ளே இருக்கும் வாடகைதாரர். “ரெண்டு மாசத்துல காலி பண்ணிடுவாங்க” என்பது அடுத்த மந்திரம். 2007ஆம் ஆண்டின் 26ஆம் எண் வாடகைச் சட்டமும் அதைத் திருத்திய 2008ஆம் ஆண்டின் 33ஆம் எண் சட்டமும் சொல்வது வேறு: உரிமையாளர் தான் குடியேறுவதற்காகக் காலி செய்யச் சொன்னால், நோட்டரி வழியாகவோ பதிவுத் தபாலிலோ 12 மாத அறிவிப்புக் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்தியும் மின்னஞ்சலும் அறிவிப்பு ஆகாது. அந்த வாடகைதாரரும் நம்மைப் போலப் பிள்ளை குட்டியோடு இருப்பவர்தான். அவரைக் காக்கும் சட்டத்தின் மேல் எனக்குக் கோபமே இல்லை. இதைத் தெரிந்துகொண்டே மறைத்து, பிள்ளைகளுக்கு அந்தப் பகுதிப் பள்ளியில் இடம் தேடச் சொல்லும் தரகரைத்தான் என்ன செய்வது? வாங்கிய வீட்டுக்குத் தவணை ஒரு பக்கம், இருக்கும் வீட்டுக்கு வாடகை ஒரு பக்கம் என்று ஒரு வருடம் இரண்டையும் கட்டப்போவது அவரல்லவே!

இதற்கு நடுவில் கோல்டன் விசா ஆசை வேறு. 20 லட்சம் திர்ஹாமுக்குச் சொத்து இருந்தால் 10 ஆண்டு விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்பது உண்மை. ஆனால் விசா தவணை கட்டாது. வேலை போனாலும் தவணை தேதி தவறாமல் வரும், குடியிருப்பின் பொதுப் பராமரிப்புக்கான சர்வீஸ் சார்ஜும் வரும். மொத்தக் கடன் தவணைகள் வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது, அடமானக் கடனுக்கு 25 ஆண்டுகளே உச்சவரம்பு என்பவற்றை வங்கி அதிகாரியாவது கேட்டால் சொல்கிறார்; விற்பனை மேடையில் நின்று விசாவைக் காட்டுபவர்கள் மூச்சே விடுவதில்லை.

நான் கேட்பது ஒரே ஒரு தாள். எஃப் படிவத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன், முன்பணம், நிலத்துறைக் கட்டணம், தரகு, வங்கிச் செலவு, ஆண்டுதோறும் கட்ட வேண்டிய சர்வீஸ் சார்ஜ், வாடகைதாரருக்கு அறிவிப்புப் போயிருக்கிறதா, போயிருந்தால் எந்தத் தேதியில் என்பதையெல்லாம் எழுதி, அடியில் தரகர் தன் பெயரையும் உரிம எண்ணையும் போட்டுக் கையெழுத்திட வேண்டும். 60,000 திர்ஹாம் தரகு வாங்கும் மனிதருக்கு அரை மணி நேர வேலை இது. இதைக் கேட்டதற்குத்தான் என்னை “டைம் வேஸ்ட் கிளையன்ட்” என்று பக்கத்து மேஜைக்காரரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார், எனக்குக் காது கேட்காது என்று நினைத்தாரோ என்னவோ!